முதல் கல்லில்தான் எல்லாம்: வீட்டிலேயே சவரக் கத்தி தீட்டக் கற்ற அனுபவம்

சவரக் கத்தியைத் தானே தீட்டப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, “கடைசிக் கல்லாக எதை வாங்கலாம்?” என்பதுதான். 12000 கிரிட் (கல்லின் துகள் எவ்வளவு நுண்ணியது என்று சொல்லும் எண், எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) போதுமா, அதற்கும் மேலே போக வேண்டுமா, பெல்ஜியத்து இயற்கைக் கல்லான காட்டிகூல் நல்லதா, ஜப்பானிய இயற்கைக் கல் நல்லதா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். சுவாரசியமான பேச்சுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லில் கை பழகப் பழக என் கவனம் முழுக்க மறுகோடிக்குப் போய்விட்டது. முகத்தில் இழுக்கிற கத்தி, தோலைச் சிராய்க்கிற கத்தி, பாதி நீளம் வழுக்கிக்கொண்டு போய் நுனியில் மட்டும் தடுமாறுகிற கத்தி என்று எதை எடுத்துப் பார்த்தாலும், கோளாறு பெரும்பாலும் 1000 கிரிட் கல்லில் முடிக்காமல் விட்ட வேலையில்தான் இருக்கிறது.

நான் சொல்வது மடக்குக் கத்தி. கூரும் உடலும் ஒரே எஃகாக இருக்கிற பழைய வகை. பாதி பிளேடைச் செருகிக்கொள்ளும் கத்திக்குத் தீட்டும் வேலையே கிடையாது, மழுங்கினால் பிளேடை மாற்றினால் போதும்.

கல் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஒரு கத்தியை, நன்றாகத் தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துச் சில வாரங்கள் சவரம் செய்யுங்கள். புதுக் கத்திகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது காகிதத்தை வெட்டுமே தவிர முகத்துக்குத் தயாராக இருப்பதில்லை. நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாதவர், தான் தீட்டியது சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வார்? கையிலிருக்கும் கோளாறு கத்தியினுடையதா, பிடிக்கும் கோணத்தினுடையதா, நுரையினுடையதா என்றும் பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு அப்படித் தீட்டி வந்த கத்திதான் அளவுகோலாக இருந்தது. நான் தீட்டிய கத்தியால் ஒரு கன்னம், அந்தக் கத்தியால் மறு கன்னம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். பத்துச் சோதனைகள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

சவரக் கத்தியில் ஒரு பெரிய சௌகரியம், கோணத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி வைத்தால் போதும், முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தை முடிவு செய்துவிடும். கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 5/8 கத்தி என்றால் ஏறக்குறைய 16 மி.மீ. அகலம். அதன் முதுகு 4.5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கச் சாய்வும் கூடுகிற இடத்தில் கோணம் 16 டிகிரி வாக்கில் வரும். முதுகும் கூரும் சேர்ந்தே தேய்வதால் காலப்போக்கிலும் அந்தக் கோணம் அதிகம் மாறாது. முதுகைக் கல்லிலிருந்து தூக்காமல் இருப்பது ஒன்றுதான் நம் வேலை. தூக்கினால் கூர் கல்லில் குத்தும். அதுவரை செய்த வேலை அந்த ஒரு தேய்ப்பில் போய்விடும்.

தொடங்குகிறவர்கள் பழைய கத்தியை வாங்குவதாக இருந்தால், முத்திரையை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் நகரமான சோலிங்கனின் பெயரை அங்கே 1938 முதல் சட்டமே காக்கிறது. ஆனால் அந்த முத்திரை கத்தி எங்கே பிறந்தது என்று சொல்லுமே தவிர, பிறகு யார் கையில் என்ன பாடு பட்டது என்று சொல்லாது. கூரில் கருப்புப் புள்ளியாகத் துருக்குழி இருந்தால் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க உள்ளே குழி ஆழமாகத்தான் போகும். சில்லு பெயர்ந்ததைச் சரிசெய்யலாம், ஆனால் முதல் கத்தியில் வேண்டாம். முதுகில் கல்பட்டுத் தேய்ந்த பட்டை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அகலமாகவும் இன்னோரிடத்தில் நூல்போலவும் இருந்தால், கத்தி லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ ஒரு பக்கமாகவே அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூர்க்கோடு நேராகவோ, வெளிப்புறமாக மெல்ல வளைந்தோ இருக்கலாம். உள்வாங்கி, நடுவில் பள்ளமாக இருந்தால் கல்லின் சமதளம் அந்த நடுப்பகுதியைத் தொடவே தொடாது.

கற்களைப் பொறுத்தவரை எனக்கு நாலு போதும்: 1000, 4000 அல்லது 5000, 8000, கடைசியாக 12000. செயற்கை நீர்க்கற்களே தொடங்குவதற்கு நல்லது, ஏனென்றால் ஒரே எண் போட்ட கல் இன்றும் நாளையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இயற்கைக் கல்லில் ஒவ்வொன்றும் ஒரு குணம். காட்டிகூலில் கார்னெட் மணிகள்தான் எஃகைத் தேய்க்கின்றன. மேலே ஒரு சிறு கல்லை உரசிச் சேறு எழுப்பினால் வேகமாகத் தேய்க்கும், வெறும் நீரோடு தேய்த்தால் மெதுவாகி மெருகு கொடுக்கும். அழகான கல். ஆனால் அந்தச் சேற்றின் அடர்த்தியைப் படிக்கப் பழகுவது தனிப் பாடம், முதல் பாடத்தோடு அதைக் கலக்க வேண்டாம். கிரிட் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜப்பானிய அளவுமுறையில் 8000 என்றால் துகள் 1.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நார்ட்டன் நிறுவனத்தின் 8000 கல்லுக்கு 3 மைக்ரான். இரண்டு நிறுவனக் கற்களைக் கலந்து வாங்கும்போது மைக்ரான் கணக்கைப் பார்ப்பது நல்லது.

எந்தக் கல்லானாலும் சமமாக இருக்க வேண்டும். புதிதாக வந்த கல்கூடச் சமமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நீர் தாங்கும் உப்புத்தாளை ஒட்டவைத்து, கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, நீர்விட்டுத் தேய்ப்பேன். பென்சில் கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் சமம். நடுவில் மட்டும் கோடு மிச்சம் நின்றால் அங்கே பள்ளம். வைரத் தட்டு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கல்லின் நாலு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள், கூரான விளிம்பில் கத்தி மாட்டினால் சில்லு பெயரும். அப்புறம் கல்லை ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். உப்புத்தாளின் ஒரு பெரிய துகள் 8000 கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், கூரில் ஆழமான கீறல் விழுந்துவிடும்.

முதுகில் டேப் ஒட்டலாமா கூடாதா என்பதில் முடிவில்லாத வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மின்வேலைக்கு ஒட்டும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று போட்டால் முதுகு தேயாது, வேலைப்பாடு உள்ள முதுகின் அழகு காக்கப்படும். கோணம் ஏறக்குறைய 1 டிகிரி கூடும், முகத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நான் முதுகில் தங்கப்பூச்சு இருக்கும் கத்திக்கு ஒட்டுவேன், மற்றதற்கு ஒட்டுவதில்லை. ஒட்டினால் கல் மாற்றும்போதெல்லாம் புது டேப் ஒட்ட வேண்டும், ஏனென்றால் தேய்ந்த டேப் கோணத்தை மாற்றிவிடும்.

சரி, இனி 1000 கல். இங்கே நடக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கூரை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிற சாய்வுப் பட்டைகள், அடியிலிருந்து நுனி வரை ஒரு இடம் விடாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். தொடாத இடத்தில் கூர் என்று ஒன்று கிடையாது, மிக மெல்லிய ஒரு தட்டை விளிம்புதான் இருக்கும். அந்தத் தட்டையை 8000 கல்லிலும் 12000 கல்லிலும் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு ஏறுமே தவிர கூர் வராது. பூச்சு வேலையை முடிக்காத சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான்.

கல்லின் மேல் நீர் பரவியிருக்க வேண்டும். கைப்பிடியைச் சேர்ந்த கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடிக்கிறேன். கூர் முன்னே போகும்படி தள்ளுவது, முனையில் முதுகின் மேலேயே புரட்டுவது, மறு பக்கம் திரும்பி வருவது. கல் பொதுவாகக் கத்தியின் நீளத்தைவிட ஒடுக்கமாக இருப்பதால், நேராகத் தள்ளினால் முழு நீளமும் கல்லில் படாது. எனவே அடிப்பகுதி கல்லில் தொடங்கி, தள்ளும்போதே பக்கவாட்டில் இழுத்து, நுனி கல்லில் முடியும்படி குறுக்காகப் போக வேண்டும். இரு பக்கத் தேய்ப்பையும் மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி தெரியும். அகலமான கல்லிலும் இப்படியே தேய்க்கலாம். எல்லா இடத்துக்கும் தேய்ப்பு சமமாகப் போகும்.

ஆரம்பத்தில் சிறு அழுத்தம் வேண்டும். எஃகை உண்மையிலேயே எடுக்க வேண்டிய ஒரே இடம் இது. ஆனால் அழுத்தம் முதுகுக்கும் கூருக்கும் நடுவில் போக வேண்டும், கூரின் மேல் விரலை வைத்து அமுக்கக் கூடாது. குழிவாக அரைத்த மெல்லிய கத்தி அமுக்கினால் வளையும். வளைந்த நிலையில் கல் கூரைத் தொடாமல் கொஞ்சம் பின்னாலேயே தேய்க்கும், விட்டவுடன் பழைய நிலைக்கு வந்துவிடும். மணிக்கணக்காகத் தேய்த்தும் கூர் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. வேலை முடிய முடிய அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசித் தேய்ப்புகளைக் கத்தியின் எடையோடு மட்டும் முடிக்க வேண்டும். தேய்ப்பின் எண்ணிக்கையைக் கணக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு கத்திக்குச் சில நிமிடம் போதும், இன்னொன்று ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடும்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? நான் மூன்றை நம்புகிறேன். முதலாவது வெளிச்சம். விளக்கின் கீழ் கூரை மேல்நோக்கிப் பிடித்து, மெல்ல ஆட்டிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு வெள்ளிப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே இன்னும் தட்டை மிச்சம் இருக்கிறது. உண்மையான கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப இடமே கொடுக்காது. இரண்டாவது நீர். பட்டை முழுதாகக் கல்லில் படிந்துவிட்டால், தள்ளும்போது கூருக்கு முன்னால் நிற்கும் நீர் ஒரு சீரான கோடாக ஓடும், சில நேரம் கத்தியின் மேலே ஏறும். ஓரிடத்தில் மட்டும் நீர் அடியில் நுழைந்து போனால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை. மூன்றாவது, முன்கை முடி. 1000 கல்லிலேயே கத்தி முன்கை முடியைத் தோலை ஒட்டி வைத்தால் வெட்ட வேண்டும், அதுவும் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும். கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது கூரைக் கொஞ்சம் கெடுக்கும் என்பதால் நான் விட்டுவிட்டேன்.

இங்கே என் பழைய கத்தி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியும் நடுவும் முடியை அழகாக வெட்டின, நுனியில் கடைசி ஒரு விரற்கடை மட்டும் எதையும் வெட்ட மறுத்தது. கல் சமமாகத்தான் இருந்தது. தேய்க்கத் தேய்க்க நடுப்பகுதியில் பட்டை அகன்றுகொண்டே போனது, நுனி அப்படியே இருந்தது. மார்க்கர் பேனாவை எடுத்து இரு பக்கச் சாய்வு முழுவதும் கருமை பூசி, அழுத்தமில்லாமல் பக்கத்துக்கு ஒரு தேய்ப்பு கொடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மை முழுதும் போய்விட்டது. மறு பக்கம் நுனியில் கூரை ஒட்டிய மெல்லிய கோடாக மை அப்படியே நின்றது. விஷயம் புரிந்துவிட்டது: கத்தி நீளவாக்கில் இம்மி முறுக்கிக்கொண்டிருந்தது, அதனால் ஒரு பக்கம் படுக்கவைத்தால் நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முறுக்கை நிமிர்த்த முடியாது, கடினமாக்கிய எஃகு உடைந்துவிடும். தேய்ப்பைத்தான் கத்திக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மட்டும், தேய்ப்பு நுனியை நெருங்கும்போது மணிக்கட்டைக் காகிதத் தடிமன் அளவுக்குச் சாய்த்து, எடை அடியிலிருந்து நுனிக்கு நகரும்படி செய்தேன். கல்லின் விளிம்பை ஒட்டி ஒடுக்கமான பகுதியில் தேய்த்ததும் உதவியது. முழு அகலக் கல்லில் தூக்கி நிற்கும் இடத்தை, ஒடுக்கமான பகுதியில் தனியாகப் பிடித்துவிடலாம். மறுபடி மை, மறுபடி ஒரு தேய்ப்பு, மறுபடி பார்வை. மை கூர் வரை அழிந்தபோது நுனியும் முடியை வெட்டியது. பழைய கத்திகளில் ஓரளவு முறுக்கு இருப்பது சாதாரணம்தான், மார்க்கர் பேனா இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு மலிவான கருவி இந்த வேலைக்கு வேறொன்று கிடையாது.

அடுத்த இரண்டு கல்லையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4000 கல்லில் 1000 விட்டுச் சென்ற கீறல்கள் மறையும் வரை, 8000 கல்லில் 4000 விட்டவை மறையும் வரை. கைக்குள் அடங்கும் உருப்பெருக்கி ஒன்று இருந்தால் கீறல்களின் மாற்றம் தெளிவாகத் தெரியும். கல்லுக்குக் கல் நடுவில் கத்தியையும் கையையும் கழுவுங்கள். துடைக்கும்போது முதுகிலிருந்து கூர் நோக்கித் துடைக்க வேண்டும், கூரின் நீளவாக்கில் விரல் போகக் கூடாது. தீட்டும்போதைவிடத் துடைக்கும்போதுதான் விரல் அறுபடும்.

கடைசிக் கல்லில் அடக்கம் வேண்டும். கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கூடாது. கூர் வந்த பிறகும் ஆசைக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கூர் மெலிந்து, தாங்க எஃகில்லாமல் பிசிறாகவோ நுண்சில்லுகளாகவோ போய்விடும். நல்ல கல்லில் கத்தி மெல்ல ஒட்டிக்கொண்டு வருவது போன்ற ஒரு இழுவை கடைசியில் தெரியும். இரண்டு பட்டையும் முழுதாக கல்லில் படிந்திருப்பதற்கான அடையாளம் அது.

அப்புறம் வார், அதாவது கல்லுக்குப் பிறகு கூரை இழுத்துப் பதமாக்கும் தோலும் கேன்வாஸும் கொண்ட பட்டை. கேன்வாஸில் இருபது, முப்பது, தோலில் ஐம்பது, அறுபது தடவை என்பது நடைமுறையில் உள்ள அளவு. கல்லில் கூர் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். மாறினால் வார் அறுந்துவிடும். முனையில் திருப்பும்போது முதுகு வாரைவிட்டு விலகாமல், அதன் மேலேயே உருட்ட வேண்டும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், தொய்ந்தால் தோல் கூரைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். வேகம் தேவையேயில்லை. படத்தில் வருகிற மாதிரி சடசடவென்று அடிக்கிறவர்கள் படத்திலேயே இருக்கட்டும். குரோமியம் ஆக்சைடு பசை (கூருக்கு மெருகேற்றும் நுண்துகள் பசை) தடவிய வார் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாதாரண வாரில் பசை தடவாதீர்கள், அது திரும்பவும் சுத்தமான வாராக மாறாது.

வார் முடிந்ததும் தலைமுடி ஒன்றை வேரைப் பிடித்துத் தொங்கவிட்டு, கூரில் மெல்ல இறக்கிப் பார்க்கும் சோதனை பிரபலம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். முடியின் தடிமன், ஈரம், பிடிக்கும் தூரம் எல்லாம் முடிவை மாற்றும். ஒரே ஆளின் முடி, ஒரே பிடி என்று வைத்துக்கொண்டால் நேற்றைய கத்தியோடு இன்றைய கத்தியை ஒப்பிடலாம், அவ்வளவுதான். முகம்தான் தீர்ப்பு. வெந்நீரில் தாடியைச் சில நிமிடம் ஊறவைத்து, தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, கத்தியை 30 டிகிரி வாக்கில் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே கன்னத்தில் தொடங்குங்கள். முதல் தேய்ப்பிலேயே இழுத்தால் நிறுத்திவிட்டு வாருக்குப் போங்கள். வாருக்குப் பிறகும் இழுத்தால் கூரில்தான் பிரச்சினை. வழுக்கிக்கொண்டு போய், ஆனால் பிறகு தோல் எரிந்தால் பெரும்பாலும் கடைசிக் கல்லில் அதிகம் தேய்த்தது காரணம்.

முடி எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது, பின் எப்படி அது கத்தியை மழுக்குகிறது? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் இதைப் பார்த்தார்கள். சவர பிளேடு வெறுமனே தேய்வதில்லை. முடி வளைந்து பிளேடுக்குச் சாய்வாக நிற்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது. அவர்கள் ஆராய்ந்தது தூக்கியெறியும் பிளேடை. ஆனாலும் மெல்லிய கூர் முடியிடம் எப்படித் தோற்கிறது என்பதை அது காட்டுகிறது. ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும் என்பதால், தாடியை ஊறவைப்பதைச் சோம்பலுக்காகக் கூடத் தவிர்ப்பதில்லை.

கூரைக் கெடுக்கும் இன்னொரு எதிரி ஈரம். கார்பன் எஃகுக் கத்தியில் கண்ணுக்குத் தெரியாத துருவே கூரை அரித்துவிடும். சவரம் முடிந்ததும் கழுவி, மெல்லிய காகிதத்தால் துடைத்து, வாரில் நாலைந்து இழுப்பு இழுத்து, குளியலறைக்கு வெளியே காயவைக்கிறேன். கொஞ்ச நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஒரு துளி கனிம எண்ணெய். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டியில் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஒருமுறை சரியாகத் தீட்டிய கத்தி, வாரை மட்டும் வைத்துக்கொண்டே சில மாதங்கள் ஓடும். இழுக்கத் தொடங்கினால் நேரே 1000 கல்லுக்கு ஓட வேண்டாம். முதலில் பசை வாரில் பத்துப் பதினைந்து இழுப்பு, அது போதாவிட்டால் 12000 கல், அதுவும் போதாவிட்டால் 8000. சில்லு பெயர்ந்தாலோ, கத்தி கீழே விழுந்தாலோதான் மறுபடி முதலிலிருந்து. டேப் ஒட்டித் தீட்டிய கத்தியை இப்படி இடையில் கல்லில் வைக்கும்போதும் டேப் ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கல் கூரைத் தொடாமல் அதற்குச் சற்றுப் பின்னால்தான் தேய்க்கும். எந்தக் கத்திக்கு டேப், எதற்கு இல்லை, எது எந்தப் பக்கம் முறுக்கு என்பதைச் சிறு சீட்டில் எழுதிக் கத்திப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைக்கிறேன். சில மாதம் கழித்துக் கத்தியைக் கையில் எடுக்கும்போது இதெல்லாம் நினைவில் இருப்பதில்லை.